சாவி கையில் இருந்தது

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் ஒரு வண்டி ஓடுமா?

அத்தை என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வேறு. "ஓடாது அத்தை, எப்படி ஓடும்?" என்றேன். "ஓடிச்சே" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொன்னதையும், பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை கார் ஓட்டிப் பிழைக்கிறவர். ஆனால் பேருந்து நிலையத்தில் நின்று ஆள் பிடிக்கிற வேலை இல்லை. சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். போகும்போது வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் திரும்பும்போது பிழிந்துபோட்ட துணிபோலக் கிடப்பார்கள். அத்தை வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் பின்னால் தூங்குகிறவருக்கு விழிப்பு வராது. அந்தக் கை அவருக்குச் சின்ன வயதிலேயே வாய்த்தது. கல்யாணத்துக்கு முன் ஒரு பேக்கரியில் ரொட்டி வேன் ஓட்டினார். எஞ்சினை அணைக்கிற கம்பி அறுந்துபோன வேன் அது. முதலாளி அதைச் சரிசெய்யவே இல்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். வேன் ஒரு உதறு உதறிவிட்டு அணையும். "அந்த வேனுக்குத் தூக்கம் வராது, அடிச்சுத்தான் படுக்க வைக்கணும்" என்று அத்தை சிரிப்பார்.

இப்போது இருப்பது சாம்பல் நிறத்தில் ஒரு பழைய டீசல் கார். பின்கதவுகள் இரண்டும் உள்ளிருந்து திறக்காது. வெளியே இருந்து யாராவது திறந்துவிட வேண்டும். வாங்கியபோதே அப்படித்தான்.

அந்த வீட்டில் ஓட்டுவது அத்தை, ஊற்றுவது மாமா. மாமாவுக்கு வங்கியில் இரவுக் காவல் வேலை. காலையில் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பானெட்டைத் திறந்துவிடுவார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"குடிச்சிருக்கா?" என்பார் அத்தை, உள்ளே இருந்தபடியே.

"உன் தம்பி மாதிரிதான். குடிக்காம ஓடாது."

"என் தம்பியாவது சொந்தக் காசுல குடிக்கிறான்."

மாமா கொஞ்சம் ஆயிலை ஊற்றிவிட்டு, கேனைச் சமையலறைப் பரணில் வைப்பார். அவர் சட்டையில் எப்போதும் டீசல் வாசம் அடிக்கும். துவைத்தாலும் போகாது. அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டி, தெருவில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வருவார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார். பெரிதாக ஒன்றும் இருக்காது. கேஸை மூடு என்பார், மழை வரும்போல இருக்கு என்பார். அதைச் சொல்லாமல் அவரால் போக முடியாது.

கடைசியாக அவர் அந்த வண்டியில் கை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். அன்று வேலைக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து எதையும் சொல்லவில்லை. நேராகப் போய்விட்டார். மறுநாள் விடியும்போது வங்கியிலிருந்து போன் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு, அத்தை முதல்முறையாகத் தானே பானெட்டைத் திறந்தார். உள்ளே இருப்பதில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. மாமா எப்போதோ காட்டியது. "கம்பியில ரெண்டு கோடு இருக்கு பாத்தியா? ஆயில் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். கீழ இறங்கினா என்கிட்ட சொல்லு." மேலே ஏறினால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அந்த வண்டியில் அது ஏறியதே இல்லை.

அத்தை வாரத்துக்கு ஒருமுறை கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் இறங்கவில்லை. மாமா இருந்தவரை மடமடவென்று குடித்த வண்டி, இப்போது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. மழைக்காலம் வந்தது, போனது. ஒரு காலையில் கம்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அத்தை, துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது.

அத்தையின் மகள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வண்டியில ஆயில் ஊத்தினியாடி?"

"நானா? எனக்குப் பானெட்டைத் திறக்கவே தெரியாது. நீதான் ஊத்தியிருப்ப. ஊத்திட்டு மறந்திருப்ப."

"நான் எதுக்கு ஊத்தப்போறேன்? இறங்கவே இல்லையே."

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து கேனை எடுத்தாள். மாமா விட்டுப்போன பாதிக்கேன் ஆயில், மேலே தூசி படிந்து அப்படியே இருந்தது. அவள் தன் நகப்பாலிஷை எடுத்து, கேனுக்குள் ஆயில் நிற்கும் மட்டத்துக்கு நேராக வெளியே ஒரு சிவப்புக் கோடு போட்டாள். "இனிமே இதுல குறைஞ்சா நீ ஊத்தினன்னு அர்த்தம். மாட்டிக்குவ" என்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் கேனில் ஆயில் சிவப்புக் கோட்டில் அசையாமல் நின்றது. வண்டியில் ஏறிக்கொண்டே இருந்தது.

மகளுக்குப் பயமாக இருந்தது. அத்தைக்கு அப்படி இல்லை. அதுதான் மகளை இன்னும் பயமுறுத்தியது. ஒவ்வொரு வாரமும் அம்மா கம்பியைத் துடைத்து, பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, யாரோ வந்துவிட்டதுபோல லேசாகச் சிரிப்பதை அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பியில் டீசல் வாசம் அடித்தது. மாமாவின் சட்டை வாசம்.

இந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் போன் செய்ய ஆரம்பித்தார். அவர் மாமாவின் சிநேகிதர். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

"அண்ணி, வண்டிய எப்போ விடுறீங்க? ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சே."

"ஆயில் நிறைய இருக்கு தம்பி."

"இருக்கறது பிரச்சன இல்ல அண்ணி. பழசாயிருக்கும். வடிச்சிட்டுப் புதுசு ஊத்தணும்."

"அடுத்த வாரம் பாக்கலாம். இந்த வாரம் என் ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரி முறை இருக்கு."

ஆஸ்பத்திரி முறை இல்லாத வாரம் என்று ஒன்று கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். உண்மைக் காரணத்தை அத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாமா கையால் ஊற்றிய கடைசி ஆயில் அந்த எஞ்சினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு தகரத் தொட்டியில் வடித்துக் கொட்டச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அதுவும் அது இப்படி வளரும்போது.

வண்டி வேறு விதங்களிலும் மாறியது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆயில் விளக்கு சிவப்பாக ஒருமுறை சிமிட்டி அணையும். வண்டி நகர்ந்ததும் காணாமல் போய்விடும். அத்தை அதைக் கண்ணடிப்பது என்று எடுத்துக்கொண்டார். சாவியைத் திருப்பி அணைத்தால் எஞ்சின் உடனே நிற்காது. தடக் தடக்கென்று இன்னும் சில சுற்று ஓடி, ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். முதலில் அது ஒரு இருமல் அளவுக்குத்தான் இருந்தது. போகப்போக நீண்டது. போனவர் தெருவிலிருந்து திரும்பி வந்து எதையோ சொல்ல நிற்பதுபோல. அத்தை கதவைத் திறக்காமல் அது முடியும்வரை உட்கார்ந்திருப்பார். "சொல்லுங்க" என்பார், உதட்டுக்குள்ளேயே.

ஒருமுறை அது முடிந்த பிறகும் அவர் இறங்காததைப் பின்னால் இருந்த தையல்காரர் கவனித்தார். அத்தையின் பயணிகளில் மூத்தவர் அவர். நாக்கில் ஊசி வைத்திருப்பவர்.

"ஏம்மா, என் ரத்தத்தையே வாரத்துக்கு மூணு தரம் வடிகட்டுறாங்க. உன் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தரம்கூட இல்லையா? நான் ஒரு முறை போகலன்னா கால் வீங்கி, மூச்சு முட்டி, பேயறைஞ்சவன் மாதிரி ஆயிடுவேன். உன் வண்டிக்கும் அப்படித்தான் மூச்சு முட்டுது போல."

"அதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. அது பேசுது."

"வண்டி பேசுதா? என்ன சொல்லுது?"

அத்தை இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில். ஆஸ்பத்திரியிலிருந்து தையல்காரரை ஏற்றிக்கொண்டு அத்தை அவர் வீட்டுச் சந்துக்குள் நுழைந்தார். சந்து அவர் வீட்டோடு முடியும். எதிரே ஒரு மதில். வழியெல்லாம் வண்டியின் பின்னால் நீலமாகப் புகை வந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தும் அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதிலுக்கு முன்னால் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி உருவினார்.

எஞ்சின் வழக்கம்போலத் தடக் தடக்கென்றது. அத்தை காத்திருந்தார்.

பெருமூச்சு வரவில்லை. தடக்குகள் ஒன்றோடொன்று நெருங்கின. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனால் யாரோ மெல்ல மிதிப்பதுபோலச் சத்தம் ஏறியது. தொண்டையைச் செருமியது, பேசுவதுபோல ஆனது, கத்தலானது. ஸ்டீயரிங் நடுங்கியது. கண்ணாடிகள் கடகடத்தன. பின்னாலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பி, சந்துக்குள்ளேயே சுழன்று, வண்டியை மூடியது. கொஞ்சநேரத்தில் வெயிலே தெரியவில்லை.

"தீ! தீ!" என்று யாரோ கத்தினார்கள். எதிர்வீட்டு ஆள் ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓடிவந்து, புகைக்கு வெளியே நின்றுவிட்டார்.

"சாவிய எடும்மா! சாவிய எடு!"

அத்தை கையைத் தூக்கிக் காட்டினார். "எடுத்துட்டேன்! இதோ! கையில இருக்கு!"

அந்த ஆள் சாவியைப் பார்த்தார். கத்துகிற வண்டியைப் பார்த்தார். ஒரு அடி பின்வாங்கினார்.

"பின்கதவத் திறங்க! உள்ள ஆள் இருக்காரு!" என்று அத்தை கூவினார். யாரும் கிட்டே வரவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. எந்த நொடியும் எஞ்சின் வெடித்துச் சிதறிவிடும்போல இருந்தது. பின்னால் தையல்காரர் இருமினார். ஊசி குத்திய கையைக் கட்டோடு மார்பில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கதவைத் தட்டினார். தட்டலில் வலு இல்லை. தான் இறங்கிக் கதவைத் திறந்தாலும், நடக்கத் தெம்பில்லாத அவரைத் தனியாக வெளியே தூக்க முடியாது என்று அத்தைக்குத் தெரிந்தது.

அத்தை ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார்: "போதும். நிறுத்துங்க. கேட்டுட்டேன். போதும்."

சத்தம் நிற்கவில்லை. மாமா ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க்குழாயை உடைத்தபோதுகூட அவர் குரலை உயர்த்தவில்லை. இது அவர் இல்லை என்று அத்தைக்கு அப்போது ஒரு கணம் தோன்றியது. மறுகணம், அவராகவே இருந்தால், தானே அவரை நெரிக்க வேண்டியிருக்குமே என்றும் தோன்றியது. இப்படிக் கதறுகிற எஞ்சினைத் திணறடித்தால் அது மறுபடி உயிர்பெறாமலே போகலாம் என்பது அவருக்குத் தெரியும். ரொட்டி வேன் காலத்திலிருந்தே தெரியும்.

தட்டும் சத்தம் நின்றது.

அத்தை இடதுகாலால் கிளட்சை மிதித்தார். வலதுகாலால் பிரேக்கில் எழுந்து நின்றார். கியரைப் பெரிய கியரில் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை விட்டார்.

கார் முன்னால் எகிறி, மதிலில் மூக்கை மோதி, தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. எஞ்சின் அணைந்தது.

அதன்பிறகு வந்த அமைதி அந்தக் கத்தலைவிட மோசமாக இருந்தது என்கிறார் அத்தை. சூடான இரும்பு எங்கோ டிக் டிக்கென்றது. புகை தரையை ஒட்டி இறங்கியது. எதிர்வீட்டு ஆள் இப்போதுதான் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். தையல்காரர் கண்ணைத் திறந்து, நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, முதல் வேலையாகக் கேட்டார்:

"யார்கிட்டம்மா பேசின?"

"உங்ககிட்டதாண்ணே. பேச்ச நிறுத்துங்கன்னேன்."

"நான் வாயே திறக்கலையே."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையைத் திறக்கப் பார்த்தார், விரல்கள் விரியவில்லை. சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் மெக்கானிக்கின் பட்டறையில் விட்டார்கள். அவர் கம்பியை உருவினார். துடைக்கவில்லை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டார். அது தண்ணீர்போல விறுவிறுவென்று பரவியது.

"அண்ணி, இது ஆயிலே இல்ல. பாதிக்குப் பாதி டீசல்."

அவர் சொன்னது இதுதான். டீசலை இழுத்துக்கொடுக்கும் பம்புக்குள் ஒரு ரப்பர் தட்டு உண்டு. பழைய வண்டிகளில் அது கிழியும். கிழிந்தால் டீசல் சொட்டுச்சொட்டாக எஞ்சினின் அடியிலுள்ள ஆயிலில் கலக்கும். அளவு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும். அதனால்தான் விளக்குச் சிமிட்டியது. அளவு மீறினால், அந்தக் கலவை ஆவியாகக் காற்றுவழியில் ஏறி எஞ்சினுக்குள்ளேயே போகும். அப்போது வண்டிக்குத் தொட்டியிலிருந்து டீசல் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. தன் ஆயிலைத் தானே தின்று ஓடும், தின்று தீரும்வரை.

"ஏறினா நல்லதுன்னு நெனச்சேன் தம்பி."

"இறங்கினா வண்டி கேக்குதுன்னு அர்த்தம். ஏறினா கூப்பாடு போடுதுன்னு அர்த்தம். நீங்க ஒரு வார்த்தை ஏறுதுன்னு போன்ல சொல்லியிருந்தா, அன்னிக்கே ஓடி வந்திருப்பேன்."

தகரத் தொட்டியை அடியில் வைத்து அவர் எஞ்சினின் அடித்திருகாணியைக் கழற்றினார். கறுப்பாக, மெல்லிசாக வடிந்தது. அத்தை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவர் ஊத்தினது எவ்வளவு இருக்கும்?"

மெக்கானிக்குக் கொஞ்சநேரம் புரியவில்லை. புரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "அண்ணன் ஊத்தினது எப்பவோ கருகிப்போச்சு அண்ணி. ஆயில் அவ்வளவு நாள் தாங்காது. அண்ணனே இருந்திருந்தா இத்தோட எத்தனையோ தரம் வடிச்சுக் கொட்டியிருப்பாரு." பிறகு தயங்கி, "ஒரு பாட்டில்ல பிடிச்சுத் தரட்டுமா?" என்றார்.

"வேணாம். வடியட்டும்."

எஞ்சின் பிழைத்துக்கொண்டது. வண்டி திரும்பி வரும்வரை தையல்காரர் ஆட்டோவில் போனார். "என் ரத்தம் ரெண்டு வாரம் ஆட்டோல போனா செத்துப்போயிடாது. இதுக்குப்போயா இத்தன நாள் தள்ளிப்போட்ட?" என்று திட்டினாராம். அத்தை அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை அன்றே மெக்கானிக்கிடம் கேட்டு முடிவு செய்துகொண்டார். மாமா ஊற்றியதா, தான் ஊற்றியதா என்பதெல்லாம் அதில் இல்லை. எவ்வளவு தூரம் ஓடினால் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான்.

இப்போது சாவியைத் திருப்பினால் வண்டி அந்தக் கணமே நிற்கிறது. ஒரு சுற்றுக்கூட அதிகம் இல்லை. முதல் சில நாள் அத்தை பழக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். பிறகு இறங்கிப் போகப் பழகினார்.

புது ஆயில் ஊற்றிச் சில வாரம் கழித்துக் கம்பியில் அளவு இறங்கியிருந்தது. பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து கேனை இறக்கினார். மூடியைத் திருகப்போனவர், நிறுத்தி, கேனைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஆயில் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது.

மகள் தொடவில்லை என்று சத்தியம் செய்தாள். மெக்கானிக்கிடம் கேட்டால், "பிளாஸ்டிக் கேன் வெயில்ல உப்பும் அண்ணி, அதுல மட்டம் இறங்கும்" என்றார். இருக்கலாம். அந்தப் பரணில் வெயில் படாது. ஆனால் அடுப்புச் சூடு படும்.

அத்தை யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை. மகளின் நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, அந்தச் சிவப்புக் கோட்டைச் சுத்தமாகத் துடைத்தார். தேவையான ஆயிலை ஊற்றினார். கம்பியில் பார்த்தார், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. பானெட்டைச் சாத்திவிட்டுத் தையல்காரரை ஏற்றப் போனார்.

அந்தக் கேனுக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. ஆனால் முதல் கேள்விக்குத் தெரியும். ஓடும். சாவி கையில் இருந்தாலும் ஓடும். அதனால் பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அதுவும் வீட்டில் ஒருவர் போன பிறகு அவர் வண்டியை இன்னொருவர் ஓட்டிக்கொண்டிருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கம்பியில் ஆயில் ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம், அன்றைக்கே பட்டறைக்குப் போகச் சொல்லுங்கள். பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.